பவானியின் ஒரு நிமிடம்

மணலி மார்க்கெட் சிக்னலில் சிவப்பு விழுந்தால் இப்போதெல்லாம் குறைந்தது இருபது நிமிடம். தணிகைவேல் தன் ஷேர் ஆட்டோவின் எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான். மற்ற பயணிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு அவன் மனைவி பவானி உட்கார்ந்திருந்தாள். ஓரக் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கணுக்கால் அதைவிட.

"மணி இன்னாயா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"ஒம்போதே கால்."

"பொய் சொல்லாத."

"பத்து ஆவப்போவுது" என்று ஒப்புக்கொண்டான்.

பதினோரு மணிக்கு அவள் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நாற்காலியில் இருக்க வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. பதினொன்று இருபது வரை பார்ப்பார்கள். அதற்குள் ஆள் வராவிட்டால் நாற்காலி அடுத்தவருக்குப் போய்விடும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள். மறுபடி சேர நானூறு பேருக்குப் பின்னால் நிற்க வேண்டும். நர்ஸைக் குறை சொல்ல முடியாது. வெளியே பெஞ்சில் அந்த நாற்காலிக்காக யாராவது ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு எப்போதும் உட்கார்ந்திருப்பார்.

குறுக்குச் சாலையில் பச்சை எரிந்துகொண்டே இருந்தது. மணலியைத் தாண்டிப் புதிதாக வந்திருக்கிற தொழில்நுட்பப் பூங்காவிலிருந்து கார்கள் வழுக்கிக்கொண்டு போயின. கார்கள் முடிந்ததும் கன்டெய்னர் லாரிகள். அதற்குப் பிறகு மறுபடி கார்கள். ஷேர் ஆட்டோவில் இருந்த ஒன்பது பேரும் அந்த ஊர்கோலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு என்ன செய்வது.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். போக்குவரத்து நெரிசலால் சென்னை நகரம் வருடத்துக்கு இத்தனை ஆயிரம் கோடி இழக்கிறது என்று யாரோ கணக்குப் போட்டார்கள். தொகையைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நகர நேர வாரியம் என்று ஒன்று வந்தது. அதில் இருந்தவர்கள் மகா கெட்டிக்காரர்கள். நெரிசலைத் தீர்க்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நெரிசலில் யார் நிற்பது என்பதைத் தீர்மானிக்கலாம் அல்லவா? ஒரு நிமிடம் நின்றால் ஐம்பது ரூபாய் நஷ்டமாகிற ஆளை விட்டுவிட்டு, ஐந்து பைசா நஷ்டமாகிற ஆளை நிறுத்திவைத்தால் நகரத்துக்கு லாபம்தானே.

ஆக, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிமிட மதிப்பு. அந்த எண் அவரவர் கைப்பேசியில் இருக்கும். சிக்னல் கம்பத்தில் இருக்கிற பெட்டி அதைப் படிக்கும். நாலு சாலையிலும் நிற்கிறவர்களின் மதிப்பைக் கூட்டி, எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் பச்சை. கன்டெய்னரில் இருக்கிற சரக்குக்குக்கூட மதிப்பு உண்டு. முதல் வருடத்திலேயே நகரத்தின் நஷ்டம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று வாரியம் அறிவித்தது. பொய் இல்லை, குறைந்துதான் போயிருந்தது.

இந்த மதிப்பைக் கணக்கெடுக்க ஒரு பெண் கையில் கருவியோடு தெருத்தெருவாக வந்தாள். அவள் தெருமுனையில் நுழைவதற்கு முன்பே சேதி கடைசி வீட்டுக்குப் போய்விட்டது. கவர்மென்ட் ஆள் வருமானம் கேட்கிறாளாம், பார்த்துச் சொல்லுங்கள். நம் ஜனங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரேஷன் அட்டை, மாத உதவித்தொகை, இலவச சிகிச்சை அட்டை எல்லாம் எந்தப் பதிலில் தொங்குகிறது என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"மாச வருமானம் எவ்ளோண்ணா?" என்று அந்தப் பெண் தணிகைவேலைக் கேட்டாள்.

"கெடச்சா சோறு, கெடைக்காங்காட்டி பட்டினி. வண்டி டியூவே கட்ட முடியாம கீறேன்மா" என்றான். அந்த மாதம்தான் டியூ கட்டி முடித்திருந்தான்.

"நீங்கக்கா? என்ன வேலை பாக்குறீங்க?"

"நானா? வூட்ல சும்மாதான் கீறேன்" என்றாள் பவானி. அவளுக்குப் பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வீட்டுக்கு மாவு அரைத்துப் போடுகிறவள். சாயங்காலம் தெருமுனையில் சுண்டல். நடுவில் வேலைக்குப் போகிறவர்களின் மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து சோறு போடுவாள். அந்தப் பெண் கிரைண்டரைப் பார்த்தாள், பவானியைப் பார்த்தாள், எழுதிக்கொண்டு போனாள். தெரு முழுக்க அன்றைக்கு எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள். எங்கள் அட்டை தப்பித்தது என்று நிம்மதியாகத் தூங்கினார்கள்.

தணிகைவேலுக்கு நிமிடத்துக்குப் பதினோரு பைசா என்று வந்தது. பவானிக்குப் பூஜ்யம். அவள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "பதினோரு பைசா மாப்ள, காப்பி குடிக்கிறியா?" என்று நாலு நாள் அவனைக் கேலி செய்தாள். பொங்கலுக்குப் பிறகு சிக்னல்கள் மாறின. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று முப்பத்தைந்து. நாற்காலியில் வேறொருவர் இருந்தார். முதல் தவறல்.

வீட்டுக்கு வந்ததும் தணிகைவேல் ரெஜினாவைத் தேடிப் போனான். ரெஜினா அதே தெருப் பெண். வாரியத்தின் சிக்னல் கட்டுப்பாட்டு அறையில் ஒப்பந்த வேலை. ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"மறுஅறிவிப்பு குடுத்துடுங்கண்ணா" என்றாள். "உண்மையான வருமானத்தச் சொன்னா ரெண்டு பேருக்கும் மதிப்பு ஏறும். வழியும் கொஞ்சம் சீக்கிரம் கெடைக்கும்."

"சொன்னா அந்த இலவச அட்டை இன்னாவும்?"

ரெஜினா டீயை ஊதினாள். "போயிடும்."

"அட்டை போனா நாற்காலி போயிடும். அட்டை இருந்தா நாற்காலி கீது, போய்ச் சேர வழி இல்ல. நல்லாக்குதும்மா ஒங்க கணக்கு."

"நான் போட்ட கணக்கு இல்லண்ணா அது."

"ஆம்புலன்ஸ கூப்டா?"

"டாக்டர் எமர்ஜென்சின்னு எழுதணும். டயாலிசிஸ் எமர்ஜென்சி இல்ல, வழக்கமான சிகிச்சைன்னு வெச்சிருக்காங்க."

அவன் அதையும் விடவில்லை. வியாழக்கிழமை போன் போட்டுப் பார்த்தான். மூச்சு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றான். அப்படியானால் பொறுமையாக வாருங்கள் என்றார்கள். தொழில்நுட்பப் பூங்கா வாசலில் நின்று, சம்பளம் அதிகம் வாங்குகிற யாராவது ஓசியில் ஏறிக்கொண்டால் வண்டிக்குக் கனம் கூடுமே என்று கூவிக்கூடப் பார்த்தான். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். அந்த வியாழனும் நாற்காலி போயிற்று. இரண்டாவது தவறல்.

அன்று மாலை மோசஸ் வந்தான். மோசஸ் சொர்க்க ரதம் ஓட்டுகிறவன். மணலியில் யார் செத்தாலும் அவன் வண்டிதான். ஊரில் எல்லோரும் சிக்னலைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"நம்ப வண்டிக்கு மட்டும் சிகப்பே வுழறதில்ல மாமு. இங்க பூ கட்டி எடுத்தா மூலக்கொத்தளம் சுடுகாட்ல போய்தான் பிரேக் போடறேன். முப்பத்தஞ்சு நிமிஷம்."

தணிகைவேல் எழுந்து மறுபடி ரெஜினா வீட்டுக்கு ஓடினான்.

"சாவு ஊர்வலத்துக்கு மதிப்பு ஜாஸ்தியா?"

"அதுக்கு மதிப்பே இல்லண்ணா. செத்தவங்க கணக்குல வரமாட்டாங்க. பின்னாடி மாட்டிக்கிறவங்கதான் கணக்கு. உங்க ஷேர் ஆட்டோவ ஓரங்கட்டிட்டா மத்த வண்டி போயிடும். சாவு ஊர்வலத்த ஓரங்கட்ட முடியுமா? மேளத்த வெச்சிக்கிட்டு ரோட்ட அடைச்சிக்கிட்டு வருவாங்க. எவன் அதுல பூந்து போவான்? அது நின்னா பின்னாடி எல்லாம் நிக்கும். அதனால கேமரா பூ வண்டியையும் மேளத்தையும் பாத்த உடனே, எவ்ளோ சீக்கிரம் முடியுமோ ரோட்ட வுட்டு அனுப்பிடும்."

சொல்லி முடித்தபிறகுதான் அவன் எதற்காகக் கேட்கிறான் என்று அவளுக்கு உறைத்தது. "அண்ணா, வேணாம்" என்றாள்.

மூலக்கொத்தளத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிடம். அது ரெஜினாவுக்கும் தெரியும்.

பவானியிடம் சொல்வதற்கு அவனுக்கு வாய் வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். வருகிற சனிக்கிழமையும் தவறினால் பெயர் போய்விடும். கடைசியில் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"எங்கம்மாவ எரிச்ச எடம்யா அது" என்றாள். பவானி பிறந்து வளர்ந்தது மூலக்கொத்தளத்தில்.

"தெரியும்."

"உசுரு பொழைக்க சாவு வண்டில போவணுமா நானு?"

பிறகு அவளே கொடியில் கிடந்த துணியைப் பார்த்துவிட்டு, "எந்தப் பொடவ கட்டிக்க?" என்று கேட்டாள். அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சொர்க்க ரதம் வாசலில் வந்து நின்றது. மோசஸ் வாடகை வேண்டாம், டீசல் போட்டால் போதும் என்றுவிட்டான். மேளக்காரர்கள் நாலு பேர் ஒரு குட்டி யானை வண்டியில். தெருப் பையன்கள் பைக்கில். பவானிக்கு நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் ரோஜா மாலை. மரப்பலகையில் முதுகு வலிக்கும் என்று அடியில் மெத்தையைப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அமுதா தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஓவரா பண்ணாதடி" என்றாள் பவானி உதட்டை அசைக்காமல்.

"செத்தவ பேசாத" என்றாள் அமுதா.

மார்க்கெட் சிக்னலில் சிவப்பு இருந்தது. மேளம் நெருங்கியதும் பச்சைக்கு மாறியது. அடுத்தது பச்சை. அதற்கடுத்ததும். பின்னாலேயே தன் ஆட்டோவில் வந்த தணிகைவேலுக்கு நம்ப முடியவில்லை. யாரோ பெரிய மனுஷனின் வண்டிக்கு விடுகிற மாதிரி ஒவ்வொரு கம்பமும் வழிவிட்டது. பத்து முப்பத்தெட்டுக்குச் சுடுகாட்டு வாசல். பவானி எழுந்து உட்கார்ந்து மாலையைக் கழற்றினாள். வெட்டியான் ஒருவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்வாங்கினார். அவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்காலியில் இருந்தாள்.

இப்படி நாலு மாதம். வாரத்துக்கு மூன்று நாள் பவானி செத்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில்தான், மூன்று மணி நேரம், எல்லா சிவப்பிலும் நின்று நின்று. அதற்கு அவசரமில்லை. முகத்தின் வீக்கம் வடிந்தது. மறுபடி கொஞ்சம் மாவு அரைக்க ஆரம்பித்தாள். மெத்தையில் படுத்துக்கொண்டு கண்ணை மூடியபடி போவது சுகமாகத்தான் இருக்கிறது என்றுகூட ஒருநாள் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டருகே ஒரு பெண் ஊர்வலத்தை ஒதுங்கிநின்று பார்த்தாள். முன்பு மணலியில் பவானியிடம் மாவு வாங்கி, பிள்ளையையும் அவளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள். கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு வண்டியோடு ஓடிவந்தாள். "பவானிக்கா, போய்ட்டியாக்கா, என் கொழந்தைய நீதானக்கா வளத்த" என்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல், அந்த ரோட்டில் ஓடினாள். அமுதா அழுவதை நிறுத்திவிட்டாள். உண்மையான அழுகைக்குப் பக்கத்தில் அவளால் நடிக்க முடியவில்லை. பவானி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் மொத்தமும் போய்விடும். அந்தப் பெண் விழுந்துவிட்டாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அன்று டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பவானி கேட்டாள்.

"எனுக்கு எவ்ளோ போட்டுகிறாங்க அந்தக் கணக்குல? பூஜ்யந்தான?"

"அத்த வுடு."

"அந்தப் பொண்ணு பூஜ்யத்துக்கா அப்டி ஓடியாந்துச்சி?" முன்னால் குனிந்து அவன் தோளைத் தட்டினாள். "யோவ், நெசமா நான் செத்தன்னா என்னிய அந்த வண்டில ஏத்தாத. போதும் அது. உன் வண்டிலயே இட்டுனு போ."

அவன் சரி என்றான்.

இது மாதிரி சமாசாரத்தைப் பொத்திவைக்க முடியுமா? ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். எண்ணூரிலிருந்து ஒரு சாவு, மாதவரத்திலிருந்து இரண்டு சாவு, புழலிலிருந்து ஒன்று. கர்ப்பிணி ஒருத்தி மாலையோடு போய்ப் பிள்ளை பெற்றாள். தேர்வுக்கு நேரமாகிவிட்டது என்று கல்லூரிப் பையன் ஒருவன் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு போனானாம். மேளக்காரர்களுக்கு ஓய்வே இல்லை. வடசென்னையில் ஒரே நாளில் நாற்பத்தொரு சவ ஊர்வலம் என்று வாரியத்தின் கணினி ஒருநாள் எண்ணிச் சொன்னது. அங்கே என்ன கொள்ளைநோயா என்று வாரியத்து மேலதிகாரிகள் கேட்டார்கள்.

ரெஜினா விடியற்காலையிலேயே வந்து கதவைத் தட்டினாள். "இன்னிலேருந்து ரூல் மாத்திட்டாங்கண்ணா. டாக்டர் சர்டிபிகேட் குடுத்து இறப்பப் பதிவு பண்ணா ஒரு எண் வரும். அந்த எண்ணப் போன்ல போட்டாத்தான் ஊர்வலத்துக்குப் பச்சை. எண் இல்லாத ஊர்வலம்னா சிகப்புதான் போடும்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. விடிவதற்கு முன்பே கிளம்பிப் பார்த்தார்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர்களின் நேரம் அது. ஒன்பது மணி வரை அதற்குத்தான் வழி. பஸ்ஸில் போனார்கள். பஸ்ஸில் எழுபது பேர் இருந்தும் அந்த எழுபது பேரும் கணக்கெடுப்பு நாளில் சும்மா இருந்தவர்கள். மூன்று நாள் தவறியது. பெயரை எடுத்துவிட்டார்கள். தணிகைவேல் நர்ஸின் காலில் விழப் போனான். அந்தப் பெண் தடுத்துவிட்டு அவளும் அழுதாள்.

ரூல் மாறிய பதினேழாவது நாள், புதன்கிழமை காலையில், மூச்சு விட முடியாமல் பவானி போனாள். தணிகைவேல் அவளை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். கடைசியில் அவள் மணி என்ன என்று கேட்டாள். அவன் சொல்வதற்குள் முடிந்துவிட்டது.

டாக்டர் வந்து சர்டிபிகேட் எழுதினார். ஒரு மணி நேரத்தில் தணிகைவேலின் போனுக்குச் சேதி வந்தது. தங்கள் துயரத்தில் நகர நேர வாரியம் பங்குகொள்கிறது. கீழே பதினான்கு இலக்க எண். ஊர்வலம் கிளம்பும்போது இதைப் பதிவு செய்தால் முப்பத்துநாலு நிமிடத்துக்கு எல்லா சிக்னலும் பச்சை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எடுத்தார்கள். மோசஸ் வண்டியைக் கழுவிப் பூ கட்டிக்கொண்டு வந்து நின்றான். "இல்ல மோசஸ். அதுல அவ நெறைய போய்ட்டா" என்றான் தணிகைவேல். ஷேர் ஆட்டோவின் நடு சீட்டைக் கழற்றிப் பலகை போட்டு, பவானியைக் கிடத்தி, அவனே ஓட்டினான். அமுதா தலைமாட்டில் உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கு அழுகை வரவில்லை. முன்னால் மேளம், பின்னால் தெரு ஜனம் பைக்கிலும் டெம்போவிலும்.

அந்த எண்ணை அவன் பதிவு செய்யவில்லை. மறக்கவில்லை. போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

மார்க்கெட் சிக்னலில் சிவப்பு. அவன் சாலை நடுவில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். மேளம் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓய்ந்தது. பின்னால் கார்கள் சேர்ந்தன, கன்டெய்னர்கள் சேர்ந்தன. ஹாரன் சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு நீண்டது. ஒரு கன்டெய்னர் டிரைவர் இறங்கிச் சத்தம் போட வந்தார். உள்ளே பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். தணிகைவேல் சாய்ந்து உட்கார்ந்து பவானியின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தான். ஏறக்குறைய இரண்டு வருடத்தில் முதல் தடவையாக எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லை. அவனுக்கு அந்த இருபது நிமிடம் வேண்டியிருந்தது. அந்தக் கார்க்காரர்கள் நிற்பதும் வேண்டியிருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

போன் அடித்தது. ரெஜினா.

"அண்ணா, எண்ணப் போட்டுடுங்கண்ணா. இங்க எல்லாரும் கத்துறாங்க. நெரிசல் கத்திவாக்கம் வரைக்கும் போயிடுச்சி."

"நஷ்டம் எவ்ளோ காட்டுதும்மா?"

"நிமிஷத்துக்கு நாலு லட்சம்."

"பவானி நின்னா நிமிஷத்துக்கு நாலு லட்சமா?"

"ஆமாண்ணா."

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரோம்மா" என்றான்.

போனைக் காதில் வைத்தபடியே பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். இடது ஓரத்தில், இரண்டு கார்களுக்குப் பின்னால், இன்னொரு ஷேர் ஆட்டோ சிக்கியிருந்தது. ஓட்டுகிறவன் யாரோ புதியவன். உள்ளே ஓரத்தில் ஒரு வயதானவர் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்ட இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருந்தது. முகம் வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தை அவனுக்குத் தெரியும். எத்தனை நாள் தவறினால் அவ்வளவு வீங்கும் என்பதும் தெரியும்.

"ரெஜினா, எனுக்குப் பின்னால லெப்ட்ல ஒரு ஷேர் ஆட்டோ நிக்குது பாரு. நீ சொன்ன நாலு லட்சத்துல அதோட பங்கு எவ்ளோ?"

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "ஒம்போது பேர் இருக்காங்க. மொத்தம் முப்பது பைசா. ஓரத்துல இருக்கிறவருக்கு..." அவள் நிறுத்தினாள். "ஒண்ணுமில்லண்ணா."

தணிகைவேல் மணியைப் பார்த்தான். பத்து ஏழு. இன்று வியாழக்கிழமை.

அவன் பவானியின் பாதத்திலிருந்து கையை எடுத்தான். இறங்கி, கார்களுக்கு நடுவே நுழைந்து அந்த ஆட்டோவிடம் போனான். டிரைவர் திட்டத்தான் வருகிறான் என்று நினைத்துப் பின்னால் நகர்ந்தான்.

"பதினோரு மணி நாற்காலியா?" என்று தணிகைவேல் கேட்டான்.

வயதானவர் தலையசைத்தார். "ரெண்டு தபா தவறிடுச்சி."

"தம்பி, என் வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டினாப்ல வா. நடுவுல எவனையும் வுடாத. மூலக்கொத்தளம் வரைக்கும் நிக்கவே நிக்காது. அப்பறம் பத்து நிமிஷம்தான்."

"சாவு ஊர்வலத்துக்குள்ளயா?" என்றான் அந்த டிரைவர். "வூட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"நான்தான் வூட்டுக்காரன்."

திரும்பி வந்து போனை எடுத்தான். பதினான்கு இலக்கம். இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாவது முறை சரியாகப் போட்டான். சிக்னல் பச்சையானது. மேளம் எழுந்தது. தெருப் பையன்கள் பைக்கை விலக்கி அந்த ஆட்டோவுக்கு இடம் விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பவானியோடு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் ஒவ்வொரு பச்சையிலும் அவன் நெஞ்சை அறுத்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

சுடுகாட்டு வாசலில் அவன் வலப்பக்கம் திரும்பினான். பின்னால் வந்த ஆட்டோ நிற்காமல் நேராக ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பறந்தது. அதில் இருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரம் இருந்திருக்காது. தணிகைவேல் வண்டியை உள்ளே விட்டான்.